சிவப்பு மை

ஐம்பத்து நான்காவது வயதில் நான் மறுபடியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையானேன். கையில் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, சட்டைப்பையில் பென்சில், மனத்தில் பரீட்சைக்குப் போகிறவனின் படபடப்பு. பிரெஞ்சு மொழி கற்றுக்கொள்ளக் கிளம்பியிருந்தேன்.

காரணத்தைச் சொல்லச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது. மாப்பசானின் சிறுகதைகளை இருபது வருஷமாக மேடைதோறும் புகழ்ந்து வருகிறவன் நான். "என்ன சிக்கனமான நடை! ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்பது நான் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். ஓர் ஊரில் கூட்டம் முடிகிற சமயம், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா அவரைப் பிரெஞ்சிலேயே படித்திருக்கிறீர்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை, ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். கூடாமலும் குறையாமலும் இருக்கிற அந்த நடையை நான் கண்ணாலேயே பார்த்ததில்லை என்ற எண்ணம் அன்று இரவு முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.

புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். அந்த மொழியைத் தாய்வீட்டுச் சீதனம் போலக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. எனக்கு வாய்த்த ஆசிரியர் அப்படி ஒரு வீட்டுக்காரர். எழுபது கடந்தவர், பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. வாசல் திண்ணையில்தான் பாடம். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்: தினமும் ஐந்து வாக்கியம் பிரெஞ்சில் எழுத வேண்டும், அன்றன்று நடந்ததை எழுத வேண்டும். "ஐந்துக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். என் கண்ணும் சரியில்லை, உங்கள் இலக்கணமும் சரியாக இருக்கப் போவதில்லை" என்றார்.

முதல் வார நோட்டை நீட்டினேன். வானம் நீலமாக இருக்கிறது. என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. பூனை பால் குடிக்கிறது. நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். இந்த மாதிரி. அவர் சிவப்பு மைப் பேனாவை எடுத்து, ஆண்பாலைப் பெண்பாலாகவும் ஒருமையைப் பன்மையாகவும் திருத்திக்கொண்டே வந்தவர், பூனையிடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா?"

"இல்லை."

"பின் ஏன் எழுதினீர்கள்?"

"பூனைக்குப் பிரெஞ்சு வார்த்தை எனக்குத் தெரியும்."

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: "சரி, வீட்டில் என்னதான் இருக்கிறது?"

"மழைக்கு ஒழுகுகிற கூரை இருக்கிறது. எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது."

"அதற்கெல்லாம் வார்த்தை கேளுங்கள், சொல்லித் தருகிறேன். இல்லாத பூனைக்கு நான் மை செலவழிக்க மாட்டேன்."

இரண்டு டஜன் நாவல்கள் எழுதியவனுக்குத் தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அவமானத்தை நான் எதிர்பார்த்தே போயிருந்தேன். அந்நிய மொழி கற்கிற எவரும் ஐந்து வயதுக் குழந்தையாகித்தான் தீர வேண்டும். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது என்னைக் குடைந்தது வேறொன்று. தெரிந்த சொல்லுக்காக இல்லாத பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்தேனே, இது நான் பிரெஞ்சில் மட்டும் செய்கிற காரியந்தானா? அப்படிக் கேட்டதும் ஒரு தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிதம்பரத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான். பள்ளி நாளிலிருந்தே ஒட்டியவன். அவன் தந்தை காலமானபோது நான் வெளியூரில் இருந்தேன், கடிதம் எழுதினேன். நான்கு வருஷம் கழித்து அவன் மனைவி போய்விட்டாள். அப்போது நான் கடலூரில் என் வீட்டில்தான் இருந்தேன். பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். ஆனால் ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயம் மேஜைமேல் கிடந்தது. பத்திரிகைக்கு மறுநாள் போக வேண்டும். நான் போகவில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு பக்கம் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். நல்ல கடிதம் என்று எனக்கே பட்டது. அது நன்றாக அமைந்துவிட்டதாலேயே, போகாதது அவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றவில்லை.

ஆறு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். ஏதோ நிலப் பத்திரத்தைத் தேடுவதற்காகத் தகரப் பெட்டியைத் திறந்தவன், ஒரு கட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். "உன் கடிதங்கள்தான். அப்பாவுக்கு எழுதியதும் இருக்கிறது, இவளுக்கு எழுதியதும் இருக்கிறது, பார்" என்று சொல்லிவிட்டுப் பத்திரத்தைத் தேடப் போய்விட்டான். நான் இரண்டையும் பிரித்துப் படித்தேன். "செய்தி கேட்டுச் செயலற்றுப் போனேன். ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தைகள் இல்லை. காலம் ஒன்றே இதற்கு மருந்து." இரண்டு கடிதத்திலும் இந்த மூன்று வாக்கியங்கள் எழுத்துப் பிசகாமல் இருந்தன. எண்பது வயதுக் கிழவருக்கும் நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்கும் ஒரே வாக்கியங்கள். வார்த்தைகள் இல்லை என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். சிநேகிதன் இதைக் கண்டுபிடித்துத்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தானா, தற்செயலா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்தக் கடிதத்தில் பொய் என்ன இருந்தது என்று பல நாள் எனக்குள் வாதாடியிருக்கிறேன். அவள் இறந்ததில் எனக்கு வருத்தம் உண்டு; அது சத்தியம். ஆனால் அந்த வருத்தம் கடிதத்துக்குள் வரவே இல்லை. அது வருவதற்குள் வாக்கியங்கள் வந்துவிட்டன. வீட்டுக்காரன் எழுந்து கதவைத் திறப்பதற்கு முன்பே வேலைக்காரர்கள் ஓடிப் போய் விருந்தாளிக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டதைப் போல. திண்ணையில் ஆசிரியர் கேட்ட பிறகுதான் அந்தக் கடிதத்துக்குப் பெயர் கிடைத்தது. அது இல்லாத பூனை. பிரெஞ்சில் வறுமையால் பூனை வளர்த்தேன். தமிழில் செல்வத்தால் வளர்த்திருக்கிறேன்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. பிரெஞ்சில் எழுதினால் சிவப்பு மை காத்திருக்கிறது. தமிழில் என்னைத் திருத்துவார் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த அன்றே அந்த மை நம் எல்லாருக்கும் தீர்ந்துபோகிறது. அதன் பிறகு அலுவலகத்துக்கு விடுப்பு விண்ணப்பம், மாப்பிள்ளைக்குப் பதில், கைப்பேசியில் பிறந்தநாள் வாழ்த்து, இறந்தவர்க்கு 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஆயுள் முழுவதும் எழுதுகிறோம். "இது அப்படித்தானா?" என்று கேட்க ஆளில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் பேச்சு எப்படி வளருமோ, எழுத்தும் அப்படித்தான் வளர்கிறது.

பிரெஞ்சு படிக்கப் படிக்க நான் தமிழுக்கும் சற்று வெளியூர்க்காரனாகிவிட்டேன். இது நஷ்டமில்லை என்றுதான் நினைக்கிறேன். வெளியூர்க்காரனுக்குத் தெரிகிற சில விஷயங்கள் உள்ளூர்க்காரனுக்குத் தெரிவதில்லை. இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியாவுக்கு வந்த பெஸ்கி பாதிரியாரை, நம் வீரமாமுனிவரை எண்ணிப் பாருங்கள். அவர் காலம் வரை எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் இருந்த வேறுபாடு ஒரு புள்ளிதான். ஓலையில் எழுதும்போது அந்தப் புள்ளியும் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். தமிழன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவனுக்குச் சொல் தெரியும், ஊகித்துப் படித்துவிடுவான். ஊகிக்க முடியாத அந்நியர்தான் அந்த இடத்தில் தடுக்கி நின்றார். குறிலும் நெடிலும் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்று வடிவத்தையே திருத்தினார். இன்று நம் குழந்தைகள் எழுதும் ஏகாரத்தில் அந்தத் தடுக்கல் இருக்கிறது. 1732-இல் அவர் சதுரகராதி தொகுத்ததும், ஒவ்வொரு சொல்லிடமும் "நீ யார்?" என்று கேட்டாக வேண்டிய நிலையில் இருந்த ஒருவரின் காரியந்தான்.

சரி, வெளியூர்க்காரர் நம்மைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டுமா? தன்னைத் தானே திருத்திக்கொள்ள வழி கண்ட ஒரு பையனின் கதை இருக்கிறது. பாஸ்டன் நகரத்தில் தமையனின் அச்சுக்கூடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தவன். பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். பெண்களுக்குக் கல்வி வேண்டுமா என்பதைப் பற்றி அவனும் ஒரு நண்பனும் கடிதத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காகிதங்கள் தந்தையின் கண்ணில் பட்டன. யார் பக்கம் நியாயம் என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. "உன் எழுத்துப்பிழை குறைவு, ஆனால் சொல்லும் அழகிலும், ஒழுங்கிலும், தெளிவிலும் அவன் உன்னைவிட மேல்" என்ற கருத்தில், இடம் காட்டிச் சொன்னார். பையன் கோபித்துக்கொள்ளவில்லை. லண்டனில் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் தொகுதி ஒன்று கைக்குக் கிடைத்தது. அதில் ஒரு கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொண்டு, சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு குறிப்பை மட்டும் பார்த்துத் தன் சொற்களில் முழுக் கட்டுரையையும் எழுதுவான். அதன்பின் மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் தானே திருத்துவான். வேலை தொடங்குமுன் காலையிலும், முடிந்த பின் இரவிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதைச் செய்தான். பிற்காலத்தில் அவர் பிரெஞ்சும் இத்தாலியனும் ஸ்பானிஷும் கற்றார். அந்தக் கற்றலுக்கு வேண்டிய பணிவு அச்சுக்கூடத்துப் பையனிடமே இருந்தது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். 'ஆகையால் அன்பர்களே, அந்நிய மொழி கற்பீர், எழுத்தைத் திருத்துவீர், மெய்யராவீர்' என்று. ஆனால் அதுவும் ஒரு பூனை. அந்நிய மொழி கற்றவர்கள் எல்லாரும் மெய்யரானார்கள் என்று நான் சொன்னால் ஹைன்ரிக் ஷ்லீமான் எழுந்து வந்து சிரிப்பார்.

1870-களில் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டி டிராய் நகரத்தை உலகத்துக்குக் காட்டிய ஜெர்மானியர் அவர். மொழி கற்பதில் அவருக்கு நிகரானவரைக் காண்பது அரிது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வியாபார நிலையத்தில் சாதாரண ஊழியராக இருந்த வாலிபத்தில், வருஷச் சம்பளம் எண்ணூறு பிராங்கில் பாதியைப் படிப்புக்கே செலவிட்டதாக எழுதியிருக்கிறார். அவருடைய முறை மிக எளிது. தினமும் உரக்கப் படிப்பது; மொழிபெயர்க்காமல் இருப்பது; தினம் ஒரு மணி நேரம் பாடம்; தமக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது; ஆசிரியரிடம் திருத்தி வாங்கி, திருத்தியதை மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்பிப்பது. ஆங்கிலத்துக்கு ஆறு மாதம், பிரெஞ்சுக்கு ஆறு மாதம். ருஷ்ய மொழி கற்றபோது, கேட்க ஓர் ஆள் இருந்தால் ஒப்பிக்க உற்சாகமாக இருக்கும் என்று, வாரத்துக்கு நான்கு பிராங்க் கூலி பேசி ஓர் ஏழை மனிதரை அமர்த்தினார். தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த மனிதருக்கு ருஷ்ய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது! மரத்தளம் போட்ட வீடு. இந்தக் கூச்சலைத் தாங்காமல் மற்றக் குடித்தனக்காரர்கள் முறையிட, இரண்டு முறை வீடு மாற வேண்டியிருந்தது.

படிக்கும்போது எனக்கு அவர்மேல் பெரிய பிரியம் வந்தது. அவருடைய முறையில் பாதியை நானும் கைக்கொண்டேன். என் மனைவி அந்த ஏழை மனிதரின் ஸ்தானத்தில் சில நாள் உட்கார்ந்திருக்கிறாள், கூலி இல்லாமல். ஆனால் அவருடைய நாட்குறிப்புகளை 1970-களிலிருந்து துருவி ஆராய்ந்தவர்கள் வேறொரு விஷயத்தையும் வெளியே கொண்டுவந்தார்கள். 1851-இல் சான்பிரான்சிஸ்கோ நகரத்தைப் பெருந்தீ விழுங்கியது. அதைத் தாம் நேரில் கண்டதாக, கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில், ஷ்லீமான் தம் நாட்குறிப்பில் உருக்கமாக எழுதியிருக்கிறார். தீப்பிடித்தது மே மாதம். அவர் குறித்திருப்பது ஜூன். அந்தத் தீயின்போது அவர் இருந்த ஊர் சாக்ரமெண்டோ. வர்ணனையோ செய்தித்தாளில் வந்ததைத் தழுவியது. அவரும் வீட்டில் இல்லாத பூனைக்குப் பால் வார்த்திருக்கிறார்.

ஆம்ஸ்டர்டாமில் அவருடைய கட்டுரைகளைத் திருத்தியவர்கள் வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் திருத்தினார்கள். "நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்டவர் உண்டா என்பதே என் கேள்வி. திருத்தத்தில் இரண்டு வகை இருக்கிறது. வாக்கியம் இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா என்பது ஒன்று. நடந்ததற்குப் பொருந்துகிறதா என்பது மற்றொன்று. முதலாவதை எந்த ஆசிரியரும் செய்வார். இரண்டாவதைச் செய்கிற ஆசிரியர் கிடைப்பது பாக்கியம். கிடைக்காதவன் தானே அந்த ஆசிரியனாக இருந்தாக வேண்டும். அது கஷ்டந்தான். காந்தியடிகள் 1896-இல் கப்பலில் வரும்போது 'தமிழ்ப் போதினி' போன்ற ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் கற்கத் தொடங்கினார். தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தொடர்ந்தார். ஆனால் தமிழ் பேச வரவே இல்லை, படிக்கத் தெரிந்த கொஞ்சமும் பழக்கமில்லாமல் துருப்பிடித்து வருகிறது என்று தம் சுயசரிதையில் தாமே எழுதிவைத்திருக்கிறார். பல மொழிகளை வென்றவரின் தீ வர்ணனையைவிட, ஒரு மொழியை வெல்ல முடியாதவரின் இந்த ஒப்புதல் எனக்குப் பெரிய பாடமாக இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் மறுத்தார். "நீர் சொல்வதைப் பார்த்தால், 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுகிறவன்கூடப் பொய்யன் என்று ஆகிவிடும் போலிருக்கிறதே! மரபு என்று ஒன்று கிடையாதா?" என்றார். நியாயமான கேள்வி. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. வழக்கச் சொற்கள் கைகூப்புவதைப் போன்றவை. எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு வணக்கம் கண்டுபிடிக்க முடியாது, தேவையும் இல்லை. 'நலமறிய ஆவல்' வீட்டின் வாசற்படி. வாசற்படி இல்லாத வீடு ஏது? ஆனால் விருந்தாளியை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினால் அது மரியாதையா?

நம் கிராமத்துப் பெண்கள் ஒப்பாரி வைப்பதைக் கேட்டிருப்பீர்கள். ராகம் பழையது, உவமைகள் பழையவை, பாட்டின் அமைப்புப் பாட்டி காலத்தது. ஆனால் அந்த மரபுக்குள்ளேயே இறந்தவன் எந்த ஊருக்கு வண்டி கட்டிப் போனான், யாருக்கு என்ன வாங்கி வந்தான், எந்த நகையை எதற்காக அடகு வைத்தான் என்பதெல்லாம் வந்துவிடும். ஒருவனுக்குப் பாடியதை அப்படியே இன்னொருவனுக்குப் பாட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவி செய்வதை, எழுத்தே தொழிலாகக் கொண்ட நான் செய்யவில்லை. மரபின்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. மரபுக்குள் நான் எதையும் கொண்டுபோய் வைக்கவில்லை என்பதுதான் குறை.

எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, இறந்தகாலப் பாடம் வந்தது. பிரெஞ்சில், ஒரு தடவை நடந்து முடிந்ததைச் சொல்ல ஓர் இறந்தகாலம்; வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்ல வேறோர் இறந்தகாலம். "இப்போது இல்லாத ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டும் வேண்டியிருக்கும். ஏழு வாக்கியம் வரை அனுமதி" என்றார் ஆசிரியர். வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. தமிழில் போனவர்களின் பழக்கத்தை நாம் எதிர்கால வினையால்தான் சொல்லுகிறோம். 'காப்பி கொடுப்பாள்', 'வாசலில் வந்து நிற்பாள்' என்கிறோம். இனிமேல் கொடுக்கப் போகிறவளுக்கும் இனி ஒருநாளும் கொடுக்க முடியாதவளுக்கும் ஒரே வினை. முப்பது வருஷமாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இது அன்றுதான் தெரிந்தது. வெகுநேரம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுதினேன். எனக்கு அப்போது தெரிந்தது முந்நூறு நானூறு சொல். 'செயலற்றுப் போனேன்' என்பதற்குப் பிரெஞ்சு தெரியாது. 'காலம் ஒன்றே மருந்து' என்பதற்கும் தெரியாது. தெரிந்ததைக் கொண்டு எழுதியது இவ்வளவுதான்: "என் சிநேகிதனின் மனைவி எனக்குக் காப்பி கொடுப்பாள். அதில் சர்க்கரை போட மாட்டாள். ஒவ்வொரு தடவையும் என் அம்மாவைப் பற்றிக் கேட்பாள். அவளுடைய அம்மாவைப் பற்றி நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. அவள் இறந்த அன்று நான் போகவில்லை. வீட்டில் இருந்து கதை எழுதினேன்." ஏழாவது வாக்கியமாக, அவள் இல்லாத குறை எனக்குத் தெரிகிறது என்று எழுத விரும்பினேன். அகராதியில் தேடி ஒரு வினையைப் பிடித்து, 'நான்' என்று தொடங்கி எழுதிவைத்தேன்.

ஆசிரியர் படித்தார். ஆறு வாக்கியம் வரை சிவப்பு மை அதிகம் செலவாகவில்லை. பூனை இருக்கிறதா என்றும் அவர் கேட்கவில்லை. ஏழாவதில் பேனா நின்றது. "இப்படிச் சொன்னால் பஸ்ஸைத் தவறவிட்டவன் சொல்வது போல இருக்கும்" என்று 'நான்' என்பதை அடித்தார். "இந்த வினைக்கு எழுவாய் நீங்கள் இல்லை. அவள்தான். 'எல் மெ மாங்க்'. எனக்கு அவள் குறைகிறாள் என்கிற மாதிரி. முதலில் அவள் வரவேண்டும்."

அவர் இலக்கணந்தான் சொன்னார். எனக்கு என் பழைய கடிதம் கண்முன் வந்து நின்றது. நான் செயலற்றுப் போனேன், என்னிடம் வார்த்தைகள் இல்லை, நான் நினைத்துப் பார்க்கிறேன், என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு பக்கத்திலும் நான், நான், நான். செத்துப்போனவள் எங்கும் எழுவாயாக வரவில்லை.

அன்று இரவு அந்த ஏழு வாக்கியங்களையும் தமிழில் எழுதி, மேலே 'நலம், நலமறிய ஆவல்' என்று போட்டுச் சிதம்பரத்துக்கு அனுப்பினேன். அவள் இறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவ்வளவு தாமதமாக இதை அனுப்புவது அவனுடைய புண்ணைக் கிளறி என் மனத்தை ஆற்றிக்கொள்கிற சுயநலமாக இருக்குமோ என்று தபால் பெட்டிக்கு முன்னால் நின்று தயங்கினேன். அந்தச் சந்தேகம் இப்போதும் முழுவதும் தீரவில்லை. உண்மை என்கிற ஒரே காரணத்துக்காக எதையும் யாரிடமும் எந்த நேரத்திலும் சொல்லிவிடலாம் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவனுக்கு நான் கடன்பட்டிருந்தேன். கடனைத் தாமதமாகக் கொடுப்பது கொடுக்காமல் இருப்பதைவிட மேல் என்று போட்டுவிட்டேன்.

பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் வந்தது. "கடிதம் கிடைத்தது. ஒரு திருத்தம். உன் காப்பியில் அவள் சர்க்கரை போடாமல் இருந்ததே இல்லை. அரை ஸ்பூன் போடுவாள். 'அண்ணாவும் பாவம் மனுஷர்தானே, வெறும் கசப்பை எப்படிக் குடிப்பார்' என்பாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. இனிமேல் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவளுடைய அம்மா இருக்கிறாள். விருத்தாசலத்தில் மகன் வீட்டில். முடிந்தால் போய்ப் பார்."

அந்த 'ஒரு திருத்தம்' என்ற சொல்லைப் பலமுறை படித்தேன். என் பழைய கடிதத்தில் அவன் திருத்துவதற்கு என்ன இருந்தது? 'காலம் ஒன்றே மருந்து' என்பதை யாரால் திருத்த முடியும்? சரியென்றும் சொல்ல முடியாது, தப்பென்றும் சொல்ல முடியாது. தப்பாக இருக்கக்கூட யோக்கியதை இல்லாத வாக்கியம் அது. 'சர்க்கரை போட மாட்டாள்' என்பது தப்பு. தப்பாக இருந்ததால்தான் அவன் பேனாவை எடுத்தான்; எடுத்ததால்தான் அந்த அரை ஸ்பூன் சர்க்கரை எனக்குக் கிடைத்தது. பிறர் திருத்தும்படியாக எழுதுவதுதான் நேர்மையான எழுத்து என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒரு மனிதரை, ஒரு நாளை, ஒரு காரியத்தைச் சுட்டிச் சொல்லி, 'அப்படி இல்லை' என்று மற்றவர் சொல்வதற்கு இடம் விட்டு எழுதுவது. வழவழப்பான வாக்கியத்தில் பிறர் கை வைக்க இடமே இருப்பதில்லை. அதனால்தான் அது நமக்கு அவ்வளவு சௌகரியமாக இருக்கிறது.

இதற்கு எல்லாரும் பிரெஞ்சு படிக்க வேண்டும் என்பதில்லை. படித்தால் நல்லது, எந்த மொழியானாலும், எந்த வயதானாலும், நம்மை மறுபடி திருத்தத்துக்கு ஆளாக்குகிற காரியம் அது. முடியாதவர்கள் படுக்கப் போகுமுன் ஐந்து வாக்கியம் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம். அன்று நடந்ததை மட்டும். மறுநாள் காலையில் அதை இன்னொருவர் எழுதியது போல எடுத்துப் படித்து, பூனை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் அடித்துவிட்டு, கூரைக்கு என்ன வார்த்தை என்று தேட வேண்டும். யாருக்காவது கடிதம் எழுதினால், அதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாதபடி ஒரு வாக்கியமாவது அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டலாம். நான் இதைத் தினமும் ஒழுங்காகச் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் நாலு நாள் செய்கிறேன். மூன்றாகவும் இருக்கலாம்.

மாப்பசானை இன்னும் முழுதாகப் படித்தபாடில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதையில் பாதி வரை வந்திருக்கிறேன். அவருடைய நடையைப் பற்றி இப்போது மேடையில் பேசுவதில்லை. விருத்தாசலத்துக்குப் போய்வந்தேன். அந்த அம்மாளுக்கு எண்பத்தொரு வயது. காது சரியாகக் கேட்கவில்லை. நான் யார் என்பதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கொண்டுபோயிருந்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் அந்தக் காதில் ஏறவில்லை. கடைசியில், "உங்கள் மகள் எனக்குக் காப்பி கொடுப்பாள்" என்று உரக்கச் சொன்னேன். அது கேட்டது.